வடமேற்கு வெயில்

லுட்சேர்னில் நான் வேலை செய்யும் அலுவலகத்து வரைபடங்களில் வெயில் எப்போதும் வடமேற்கிலிருந்தே விழுகிறது. மலையின் இடது தோளில் வெளிச்சம், வலது சரிவில் நிழல்: சுவிஸ்காரர் மலை வரையும் வழக்கம் அது. யன்னலுக்கு வெளியே நடுப்பகல் சூரியன் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. ஆனாலும் பழகிய கண் வரைபடத்தைத்தான் நம்புகிறது.

இந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் வரைந்தது மத்திய ஆசியாவில், மரமே இல்லாத ஓர் உயர்ந்த பாலைநிலம். அங்கே செம்பு தோண்டப் போகிறார்கள். விமானப் படங்களைப் பார்த்து மேடு பள்ளம் குறித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதை வைத்து லொறிப் பாதை போடுவது அவர்கள் வேலை. அந்த நிலம் என் கனவுக்குள்ளும் வந்தது. அங்கே எனக்கு நிழல் இருக்கவில்லை.

பாதை போகவிருந்த இடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் கிடந்தன. முன்பு தோண்டியவர்கள் கொட்டிக் குவித்த மண்கும்பிகள் என்றாள் என்னோடு வேலை செய்யும் ரெகுலா. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கும்பியென்றால் தள்ளி மட்டமாக்கிவிடுவார்கள்.

ஒருநாள் கோப்பியோடு அவளுடைய மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். படம் எனக்குத் தலைகீழாகக் கிடந்தது. கும்பிகள் எல்லாம் மெல்ல உள்ளே இறங்கிக் குழிகளாயின. படம் எடுத்தபோது அங்கே வெயில் தெற்கிலிருந்து விழுந்திருக்கிறது. எங்கள் கண்கள் வடமேற்கிலேயே நின்றுவிட்டன. ஒவ்வொரு குழிக்கும் மெல்லிய ஒற்றையடிப் பாதைகள் வந்து, வாயோடு நின்றன. ஆடு மேய்க்கிற யாரோ தண்ணீருக்கு நடந்த பாதைகள்.

"பிறுன்னன்" என்றேன். ஜேர்மன் மொழியில் கிணற்றுக்கும் அந்தச் சொல்தான். அவளுக்கு அது, ஊர்ச் சதுக்கத்தில் பூச்சட்டிகளுக்கு நடுவே ஓயாமல் தண்ணீர் ஊற்றும் கற்தொட்டி. அதை அங்கே யார் கட்டினார்கள் என்று சிரித்தாள். வாளி இறக்கி இழுப்பதைக் கையால் காட்டினேன். படத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். பிறகு கும்பிகளை அழித்து, நீல வட்டங்களாகப் போட்டாள். பாதை இனி வளைந்து போகலாம், போகாமலும் விடலாம். கிணறு இருப்பது தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அன்று மாலை எம்மன்புரூக்கே வீட்டில், சாப்பாட்டு மேசையில் போனை வைத்து எங்கள் யாழ்ப்பாணத்து வளவைத் தேடி எடுத்தேன். இராணுவ வேலிக்குள் கிடக்கும் வளவு. வானத்திலிருந்து எடுத்த படத்தில் கிணற்றடியில் ஒரு மேடு; தூர்த்துவிட்டார்கள் என்றே இவ்வளவு காலமும் இருந்தோம். எழுந்து எதிர்க் கதிரைக்குப் போனேன்.

மனைவி வசந்தி சோற்றுப் பாத்திரத்தோடு வந்து என் பழைய இடத்தில் இருந்தாள். "என்னப்பா, அந்த மேட்டையே இன்னும் பாக்கிறியள்?"

"இஞ்சால வந்து பாரும்."

வந்தாள். குனிந்து, மேடு குழியாகக் கிடந்த இடத்தை விரலால் காட்டினாள்.

"தண்ணி கிடக்குமோ?"

இருவரும் மேசையின் ஒரே பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். எதிர்க் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அங்கே யாராவது இருந்திருந்தால், அவருக்கு ஒரு மேடுதான் தெரிந்திருக்கும்.