அப்பா எல்லோருக்கும் தராத எழுத்து

அப்பா இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. தேவாலயத்தில் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெறும் உற்றாருக்கு, மகளாகிய நான் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். அப்பா யாரையும் லேசில் நம்பாதவர்.

மரக்காணத்தில் உப்பளக் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். புதுச்சேரியில் அச்சுக்கோக்கக் கற்று, எழுபதுகளின் தொடக்கத்தில் மரக்காணம் பேருந்து நிலையத்தருகே சிறு அச்சகம் வைத்தார். மூடப்பட்ட ஒரு பழைய அச்சகத்திலிருந்து ஈயத்தில் வார்த்த ஆங்கில அச்செழுத்து வகை ஒன்றை வாங்கி வந்தார். கோடுகள் தடித்தும் மெலிந்தும் ஓடி, முனைகளில் சின்னப் பாதம் ஊன்றி நிற்கும் எழுத்து. உப்புக்காற்றில் ஈயம் பூத்துவிடாமல் அடிக்கடி துடைத்து வைப்பார். திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயருக்கும், பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை அட்டைக்கும், இறந்தோர் நினைவு அட்டைக்கும் மட்டுமே அதை எடுப்பார். கடை நோட்டீசுக்குத் தர மாட்டார்.

“இந்த எழுத்துல என்னா போட்டாலும் ஜனங்க நம்பிடுறாங்க. அதான் பயமா இருக்குது” என்பார்.

ஒருநாள், துபாய்க்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் ஒருவர் வந்து, அந்த எழுத்திலேயே லெட்டர்பேட் வேண்டும் என்றார்.

“கம்பெனி துபாய்ல இருக்குதுன்றீங்க. லெட்டர்பேட் அடிக்க மரக்காணத்துக்கு ஏன் வர்றீங்க?”

“அவசரங்க.”

“சரி, உங்க விலாசத்தையும் கீழ போட்டுடறேன்.”

அவர் ஒப்பவில்லை. அப்பா அச்சடிக்க மறுத்தார். கோபத்தில் ஏஜெண்ட், அவர் மூலம் துபாய் போகக் காத்திருந்த எங்கள் சித்தப்பாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பி எறிந்துவிட்டுப் போனார்.

சித்தப்பா அச்சகத்துக்கே வந்து கத்தினார். “ஏண்ணா, என் பொழப்புலயும் மண்ணப் போட்டுட்டியா? ஊர்ல யாரத்தான் நீ நம்பின?”

அப்பா கோட்டக்குப்பம் போய், வளைகுடாவில் ஆள் உள்ள வீடுகளில் விசாரித்தார். அப்படியொரு கம்பெனியை எவரும் அறிந்திருக்கவில்லை. அதைச் சொன்னபோதும் சித்தப்பா கேட்கவில்லை; பேச்சை நிறுத்திவிட்டார்.

ஏஜெண்ட் வேறெங்கோ அச்சடித்துக்கொண்டு, எங்கள் பக்கத்து இளைஞர்களைப் பம்பாய்க்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு லாட்ஜில் விட்டுவிட்டு மறைந்தார். அவர்கள் எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார்கள். போகாமல் தப்பிய சித்தப்பா தலைகுனிந்து அச்சகத்துக்கு வந்தார். அப்பா ஒரு வார்த்தையும் குத்திக்காட்டவில்லை.

ஆனால் கடற்கரைக் குப்பத்திலிருந்து ஓர் அம்மாள், திரும்பி வந்த மகனோடு வந்து நின்றார். “உங்க தம்பிகிட்ட மட்டும் சொன்னீங்களாமே. எங்ககிட்ட ஏங்க சொல்லல?”

“நீங்க நம்ப மாட்டீங்கன்னு நெனச்சேம்மா.”

“சொல்லிப் பாத்திருக்கலாமேங்க.”

அன்று அப்பா சாப்பிடவில்லை. அதன்பின் யார் வெளிநாட்டு வேலைக்கான காகிதம் பெற்றதாகக் கேள்விப்பட்டாலும், கேட்காமலே போய்த் தம் சந்தேகத்தைச் சொல்வார். வேலையை நிறுத்திவிட்டுக் கோட்டக்குப்பத்துக்கு உடன் போய் விசாரிப்பார். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் சந்தேகம் தீர்ந்து வெளிநாடு போய்ச் சேர்ந்து, நன்றாகவும் இருக்கிறார்கள்.

கடைசி நாட்களில் மருத்துவரையும் நம்பவில்லை. “இது என்னா மாத்திர? யார் குடுத்தது?” என்று வாயை இறுக்கிக்கொள்வார். அருகிலிருந்து கவனித்த செவிலியருக்கும், வீடு தேடி வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்துக்குத் தோள்கொடுத்த குப்பத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. சித்தப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. “நாந்தாண்ணா வாங்கியாந்தேன்” என்று அவர் சொன்னால்தான் அப்பா வாயைத் திறப்பார்.