காத்து மேல போட்ட பழி

போன வருடம் ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பெரிய புல்வெளியில்தான் என் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனோம். சிரிக்காதீங்க, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கேசரி, பஜ்ஜி வைத்து வீட்டில் உட்கார்ந்து பேசுகிற கதையே வேண்டாம் என்று மகள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். அவளும் அந்தப் பையனும் அந்தப் புல்வெளியில் சேர்ந்து விளையாடிப் பழகியவர்கள். "பையனை எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா. அந்த ஊடு எப்படின்னுதான் தெரியல. ரெண்டு ஊட்டுக்காரங்களும் வந்து ஒரு ஆட்டம் ஆடலாம். முடிஞ்சதும் என்ற பதிலைச் சொல்றேன்" என்றாள். ஆடி பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டோம். அன்றைக்கு விட்டால் ஆவணிதான், அதற்குள் யார் மனசு எப்படி மாறுமோ! எனக்கோ அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

ஆட்டத்துக்குப் பெயர் டிஸ்க் கால்ஃப். சின்னச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. அங்கங்கே கம்பம் நட்டு, சங்கிலி தொங்கவிட்டு, அடியில் இரும்புக் கூடை வைத்திருப்பார்கள். தட்டு விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறிய வேண்டும், கூடைக்குள் போகிற வரைக்கும். ஒன்பது கூடையையும் யார் குறைந்த எறியில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். அம்பயர் கிடையாது. அவரவர் எறியை அவரவரே எண்ணிச் சொல்ல வேண்டும்.

எனக்கு என்ன பயம்? காலேஜில் வட்டு எறிந்து கப்பு வாங்கியவன் நான். மதுக்கரையில் முப்பது வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். நூலளவு பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. மகள் ஒரு மாதம் கூட்டிப்போய்ப் பழக்கியும் விட்டிருந்தாள். ஆனால் காரில் வரும்போதே என் மனைவி ஒரு முட்டுக்கட்டையைப் போட்டாள். "ஏனுங்க, உங்க வீரத்தையெல்லாம் அங்க காட்டிப்போடாதீங்க. நாம பொண்ணு ஊட்டுக்காரங்க, தணிஞ்சுதான் போகோணும்."

பையனின் அப்பா கொடுமுடிக்காரர். மஞ்சளும் கரும்பும் போடுகிற விவசாயி. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முதல் தட்டை வீசினார் பாருங்கள், அடேங்கப்பா! பாதித் தூரத்தை ஒரே வீச்சில் கடந்துவிட்டது. பையன் அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று புரிந்தது.

நானும் மகளும் ஒரு பக்கம். அவரும் பையனும் இன்னொரு பக்கம். இருவர் எறியையும் கூட்டித்தான் ஒரு பக்கத்துக்குக் கணக்கு. அம்மாக்கள் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முறுக்கைக் கொறித்துக்கொண்டு பொது விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று அந்த மாதத்தில் ஆளையே தள்ளும். திறந்த வெளியில் தட்டு ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். என் மகள் மட்டும் அந்தக் காற்றையே படிக்கட்டாக வைத்து ஏறினாள். எட்டுக் கூடை முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம். ஒன்பதாவதில் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கு மூன்று எறியில் முடித்துவிட்டார்கள். அப்போதும் சமம். மிச்சம் நானும் கொடுமுடிக்காரரும்தான், ஆளுக்கு இரண்டு எறி எறிந்திருந்தோம்.

என் தட்டு கூடைக்கு ஆறடியில். அவருடையது ஏழடியில். தூரத்தில் இருப்பவர் முதலில் எறிய வேண்டும். அவர் எறிந்தார். கம்பத்தை விட்டு ஒரு முழம் தள்ளிப் போனது. இப்போது நான் போட்டால் ஜெயம். கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மனைவி மரத்தடியிலிருந்து என்னையே பார்த்தாள். நான் கூடையின் விளிம்பில் படுகிற மாதிரித் தட்டி விட்டேன்.

"காத்துங்க" என்றேன்.

"ஆமாமுங்க, பாழாப்போன காத்து" என்றார் அவர்.

அடுத்து அவர் எறிந்தது கூடைக்கு மேலே போனது. என்னுடையது கீழே போனது. "நீங்க போடுங்க." "அட, நீங்க போடுங்க." இப்படியே ஆளுக்கு நாலு முறை! ரெண்டு வயசுக் குழந்தை போட்டிருந்தால்கூட விழுந்திருக்கும். பையன் வானத்தைப் பார்த்து நின்றான். என் மகள் வேப்பமரத்தைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு இலைகூட அசையவில்லை. காற்று எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"போதும், நிறுத்துங்க" என்று மகள் நடுவில் வந்து நின்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. "எட்டுக் கூடை உசுரக் குடுத்து ஆடினேனுங்கப்பா. ஒரு நிமிசத்துல ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டீங்களே. நாளைக்கு நான் அந்த ஊட்டுக்குப் போனா, தெரிஞ்சதையெல்லாம் தெரியாத மாதிரியே இருந்துக்கோணுமுங்களா?"

சுருக்கென்று குத்தியது. முப்பது வருடம் அளவு பார்த்த கண்ணுக்கு, பெற்ற மகள் முகம் பக்கத்தில் இருந்தும் தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. அவர் பக்கம் திரும்பி, "நான் வேணும்னேதானுங்க விட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நானும்தானுங்க. பொண்ணு குடுக்க வந்தவங்களை மொத நாளே தோக்கடிச்சா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன்."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு தட்டையும் எடுத்து எங்கள் கையில் திணித்து, "ஒம்பதாவது கூடை, மொதல்ல இருந்து" என்றாள்.

நடந்து போய் ஆரம்பக் கோட்டில் நின்றோம். அவர் முதலில் எறிந்தார், அருமையான வீச்சு. காற்று திரும்பவும் கிளம்பியிருந்தது. நான் காலேஜ் மைதானத்தில் நின்ற மாதிரி இடுப்பைத் திருப்பி, முழுக் கையையும் விட்டு எறிந்தேன். தட்டு காற்றோடு வளைந்து கூடைக்கு நாலடியில் விழுந்தது. அடுத்த எறியில் சங்கிலி ஜல்லென்று சத்தம் போட்டது. அவருக்கு மூன்று எறி ஆனது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஜெயித்த பிறகுதான் மனைவி காரில் சொன்னது ஞாபகம் வந்தது. போச்சு, ஆடிக்கு முன்னால் இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மரத்தடியில் முறுக்குக் கடிக்கிற சத்தமும் நின்றுவிட்டது.

கொடுமுடிக்காரர் இரண்டு எட்டில் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏனுங்க, இந்தக் கையை வெச்சுக்கிட்டா இத்தன நேரம் ஆறடியில நாடகம் போட்டீங்க?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, "கோட்டுல நின்னு எறிஞ்சீங்களே, இடுப்பை எப்படித் திருப்புனீங்க? இன்னொருக்காக் காட்டுங்க" என்று பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

என் மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவரை "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டாள். கீழே கிடந்த தட்டை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டி, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா, மாமா?" என்றாள். மரத்தடியில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எதிரில் நிற்கிறவர் தோல்வியைத் தாங்குவார் என்று நம்பி முழுக் கையோடு எறிவதும் மரியாதைதான் என்று, இப்போது சம்பந்தியைத் தோற்கடிக்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்துக்கொள்கிறேன். அவர் என்னைத் தோற்கடிக்கிற வாரங்களில் மட்டும், வேப்பமரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.