புத்தகத்தில் உள்ளபடி

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: புத்தகத்தில் இருப்பதை நடத்திவிட்டால் போதும், அது உண்மையா என்று சம்பளம் கொடுப்பவர் யாரும் கேட்பதில்லை. புதுக்கோட்டைச் சீமையில், இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னும், சண்டைக் காலத்திலும், அதற்குப் பின்னும், நான் விஞ்ஞான வாத்தியார். சாக்பீஸ் தூளை விழுங்கிப் பிழைத்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நுனி நாக்கு

நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு என்று புத்தகத்தில் படமே போட்டிருந்தது. அதை நடத்திய மறுநாள் மீனாட்சி என்ற மாணவி வேப்பங்கொழுந்தோடு வந்து, "சார், நுனியிலயே கசக்குது" என்றாள். அதட்டி உட்காரவைத்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் நானும் வைத்துப் பார்த்தேன், கசந்தது. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"கசந்தாத் துப்பிட்டு வாங்க. இன்ஸ்பெக்டர் கேட்டா, படத்துல உள்ளபடிதான் சொல்லணும்."

கட்டுமாவடியில்

கடலோரத்து ஊர், அங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். சந்திரன் உச்சிக்கு வரும்போது கடல் பொங்கும் என்பது பாடம். வளர்பிறை அஷ்டமியன்று சாயங்காலம், நிலா தலைக்கு மேலே நிற்க, பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். கடல் வற்றிக் கிடந்தது. வள்ளங்கள் சேற்றில் சாய்ந்திருந்தன. பிள்ளைகள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவர் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்:

"நெலாவுக்குக் கடல் கட்டுப்படுந்தான், வாத்தியாரய்யா. ஆனா கூப்பிட்ட ஒடனே ஓடியாராது. அதுக்கும் ஒரு சொணக்கம் இருக்குல்ல?"

அணு

ஆரோக்கியம் ஆவூர்ப் பையன், விவசாயி மகன். 'அணு என்றால் என்ன?' என்று வருஷப் பரீட்சையில் கேட்டிருந்தோம். 'பிளக்க முடியாத மிகச் சிறிய பொருள்' என்று எழுத வேண்டும். அவன், 'முடியாது என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் பிளந்துவிட்டார்கள்' என்று எழுதியிருந்தான். மாதா கோயில் சாமியார் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் படித்தானாம். அதே செய்தியை நானும் படித்திருந்தேன். இருந்தும் சிவப்பு மசியால் அடித்தேன். விடைத்தாளை மேலே யாராவது புரட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

அந்தக் கேள்விக்குரிய இரண்டு மார்க்கில்தான் தவறினான். இன்னொரு வருஷம் படிக்கவைக்க அவன் அப்பாவுக்கு வழியில்லை. ஆரோக்கியம் பட்டாளத்தில் சேர்ந்தான். பர்மாவில் இறந்துபோனதாக வீட்டுக்குத் தந்தி வந்தது. நான் துக்கம் கேட்கப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை.

ஜப்பானில் குண்டு போட்ட செய்தி வந்த வாரம், அவன் அப்பா சூசை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆவூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். மடித்த பேப்பரை என் மேசைமேல் விரித்தார்.

"அணுவைப் பொளந்துட்டாங்கன்னு போட்டிருக்குங்களே. எம்மவன் எழுதுனது இதுதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன். எழுந்து நின்றுதான் சொன்னேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் பேப்பரை மடிப்புக் கலையாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்:

"அப்ப அவன் பாஸுதானுங்களே, சார்?"

அடுத்த ஜூனில் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. அட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது, நானும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன்.