நகராத பச்சைப் புள்ளி

மழை வலுத்தால் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. அந்தப் பிற்பகலுக்குப் பிறகு இப்படித்தான்.

வீட்டிலிருந்தே கைப்பேசிச் செயலிகளை வடிவமைப்பது என் வேலை. மகள் ஹட்டனில் படிக்கிறாள். வேனில் போய் வருகிறாள். வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் பார்த்துக்கொள்ள ஒரு செயலி செய்து கொடுத்தேன். ஓட்டுநர் தன் போனில் அதைத் திறந்து வைத்தால் போதும், எங்கள் போன்களில் ஒரு பச்சைப் புள்ளி நகரும்.

என்னிடம் இருப்பது ஐபோன்; ஓட்டுநரிடம் ஆண்ட்ராய்டு. ஐபோனுக்கென்று வரைந்து, அதிலேயே ஓட்டிப் பார்த்து, அப்படியே ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுபோனேன். சில ஆண்ட்ராய்டு போன்கள் பற்றரியை மிச்சம் பிடிக்க, திரை அணைந்ததும் செயலியைத் தூங்க வைத்துவிடும். தூங்க வைக்காதே என்று அனுமதி வாங்க ஒரு பக்கம் வேண்டும். ஐபோனில் அப்படியொரு பக்கம் கிடையாது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

அன்று பிற்பகல் கொட்டும் மழையில் புள்ளி றொசல்லவுக்கு முன்னால் ஒரு வளைவில் நின்றது. முந்தின வாரம்தான் அங்கே மேட்டிலிருந்து மண் சரிந்திருந்தது. ஓட்டுநரை அழைத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. திரையைத் தேய்த்தேன், செயலியை மூடித் திறந்தேன். புள்ளி அங்கேயே, பச்சையாகவே இருந்தது. எப்போது வெளியே வந்தேன் என்று தெரியாது. தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கி, வேன் வந்து நிற்கும் சந்திக்கு ஓடினேன்.

வேன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். "என்னக்கா, செருப்புகூட இல்லாம ஓடியாறீங்க?"

"புள்ளி நின்னுருச்சு தம்பி…"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "போன் தூங்கிருச்சுக்கா. நான் தூங்கல."

பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாரும் பாக்குறாங்கம்மா. வாங்க போகலாம்."

அந்த வாரமே ஆண்ட்ராய்டுக்குத் தனியாக வரைந்தேன். அனுமதிப் பக்கம் திரும்பி வந்தது. வேனில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து நானே அதை அழுத்த வைத்தேன். தகவல் வராவிட்டால் புள்ளி இனிப் பச்சையாக நிற்காது; சாம்பல் நிறமாகி, 'கடைசியாகத் தெரிந்த இடம்' என்று காட்டும். அது இரண்டு வகைப் போனுக்கும் பொது.

இன்றும் மழை. அந்த வளைவை நெருங்கும்போது புள்ளி சாம்பலானது. அங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். சாம்பல் என்றால் தகவல் வரவில்லை, அவ்வளவுதான். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளே நான்தான். இரண்டு முறை ஜன்னலுக்குப் போய் வந்தேன். பிறகு குடையை எடுத்தேன்.

சந்தியில் வேனிலிருந்து இறங்கிய மகள் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"நீங்க செஞ்ச ஆப்ப நீங்களே நம்பலன்னா வேற யாரும்மா நம்புவாங்க?"

"நீ பையக் குடு" என்றேன்.