நான் எடுக்க மறந்த பத்தி

நாகர்கோவிலில் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டைப்பிங் கடையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மனு, வக்கீல் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் எது கேட்டாலும் அடித்துத் தருவேன். உள்ளதைச் சொன்னால் எதையும் நாங்கள் புதிதாக அடிப்பதில்லை. பழைய மனு கம்ப்யூட்டரில் கிடக்கும். அதைத் திறந்து பேரை மாற்றி, அப்பா பேரை மாற்றி, ஊரையும் தேதியையும் மாற்றினால் புது மனு. இந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் இதுதான் நடக்கிறது. கல்யாணமே ஆகாத பையனின் ஜாமீன் மனுவில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் மாற்றாமல் கிடந்து, கோர்ட்டே சிரித்து, வக்கீல் கடையில் வந்து என்னைக் கிழித்துவிட்டுப் போன நாளும் உண்டு. அதற்குப் பிறகு எதையும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஒரே ஒரு மனுவைத்தான் வாசிக்காமல் விட்டேன். அது என் தம்பிக்காக அடித்தது.

என் தம்பி யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நல்ல வெல்டர். கஞ்சா இழுப்பான். அம்மாவிடம் மறைத்தான், என்னிடம் மறைக்க முடியவில்லை. திட்டியிருக்கிறேன், முப்பது வயது ஆம்பளையைக் கைநீட்டி அடித்தும் இருக்கிறேன். அவன் கூடச் சுற்றியவன் எங்கள் ஊர்க் கட்சிக்காரர் ஒருத்தரின் மகன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, பிறகு பழக்கமும் ஒன்றாகவே வந்தது. அவன் வாங்கிவருவான், இவன் சுருட்டிக் கொடுப்பான்.

ஒருநாள் மத்தியானம் இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரையில் காரை நிறுத்திப் புகைத்துக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. கார் கட்சிக்காரர் மகனுடையது. பொட்டலம் காருக்குள் இருந்தது. விஷயம் தெரிந்து நான் ஸ்டேஷனுக்கு ஓடிப்போவதற்குள், காகிதத்தில் அந்தப் பொட்டலம் என் தம்பியின் சட்டைப்பைக்கு வந்திருந்தது. அவன் போட்டிருந்தது பையே இல்லாத பனியன். பைக்கு எங்கே போவான்? கேட்டேன். "ஸ்டேஷன்ல வந்து சத்தம் போடக்கூடாதும்மா" என்றார்கள்.

கட்சிக்காரர் வந்தார். கையில் ஒரு டாக்டர் கடிதம். மகனுக்கு மன உளைச்சலாம், போதைக்கு அடிமையாம், உடனே சிகிச்சை வேண்டுமாம். மகன் அப்பாவின் காரில் கேரளாவில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனான். என் தம்பி போலீஸ் ஜீப்பில் ஜெயிலுக்குப் போனான். இழுத்தது ஒரே பொட்டலம். ஆனால் சாயங்காலத்துக்குள் ஒருத்தன் நோயாளி, ஒருத்தன் குற்றவாளி. வழக்கு இரண்டு பேர் மேலும்தான் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட் காகிதத்தில் எதிரி என்றுதான் எழுதுவார்கள். முதல் எதிரி என் தம்பி, இரண்டாம் எதிரி அவன்.

மூன்று வாரம் உள்ளே கிடந்தான். தூக்கமில்லாமல் வேர்த்துக் கொட்டி, தின்றதையெல்லாம் கக்கி, பார்க்கப் போனால் முகத்தைக் காட்டமாட்டான். ஜாமீனில் வந்ததும் யாரும் சொல்லாமலே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் தின்றான். விட்டான். வீட்டில் கூட இருந்து பார்த்தவள் சொல்கிறேன், சுத்தமாக விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் கத்தாரில் வெல்டிங் வேலை ஒத்துவந்தது. கம்பெனி எல்லாம் சரி என்றது. கடைசியாக ஒரு காகிதம் கேட்டது. இவன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தர வேண்டிய சான்று. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், இந்தச் சான்றின் அருமை இங்கே எல்லாருக்கும் தெரியும். வழக்கு நிலுவையில் கிடக்கும்வரை அது கிடைக்காது. வழக்கோ வாய்தா மேல் வாய்தாவாக நகர்ந்துகொண்டிருந்தது.

இடையில் தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது, எங்கள் ஊர்க் கட்சிக்காரரின் கட்சி ஜெயித்தது. எங்கள் கடைக்கு வருஷக்கணக்காக வருகிற ஒரு வக்கீல், ஜெயித்த கட்சிக்காரர், அரசு வக்கீல் ஆனார். சட்டம் தெரியாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அவரைவிடத் தெரிந்தவர்கள் நாலுபேர் இதே தெருவில் கொடி பிடிக்காத ஒரே குற்றத்துக்காக நோட்டரி சீல் குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பதவி வந்த சூட்டோடு அவர் கடைக்கு வந்து ஒரு மனு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அந்தக் கட்சிக்காரர் மகன் மேல் உள்ள வழக்கை அரசாங்கம் வாபஸ் வாங்க வேண்டும் என்று கேட்கிற மனு. "போதைப்பழக்கம் ஒரு நோய். நோயாளிக்கு வேண்டியது மருந்து, தண்டனை அல்ல. இளம் வயதில் அறியாமல் செய்த பிழைக்காக ஒரு வாழ்க்கை பாழாகக் கூடாது." அடிக்க அடிக்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு சரியான பேச்சு! என் தம்பிக்காக இத்தனை நாள் மனசுக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அதில் இருந்தது.

"சார், இதுல தம்பியையும் சேத்துக்கிடலாமே. ஒரே கேஸ்தானே" என்றேன்.

"மொதல்ல இது போட்டும் பிள்ளே. பொறவு அவனுக்குத் தனியா ஒண்ணு போட்டுக்கிடலாம்."

நம்பினேன். அந்த மனு போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கொஞ்ச நாளில் அரசு உத்தரவு வந்தது, கோர்ட்டும் ஒத்துக்கொண்டது. அவன் பேர் வழக்கிலிருந்து போய்விட்டது. முதல் எதிரி மட்டும் மிச்சம்.

அன்றைக்கே நான் அதே மனுவைத் திறந்தேன். பேரை மாற்றினேன், அப்பா பேரை மாற்றினேன். சந்தோஷத்தில் கை பறந்தது. ஒருதடவைகூட வாசிக்காமல் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவருடைய ஆபீசுக்கு ஓடினேன். நாலைந்து கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிறமாதிரி வாசித்தார்: "மனுதாரரின் தந்தை நீண்டகாலம் பொதுவாழ்வில் ஈடுபட்டு, இப்பகுதி மக்களின் நன்மதிப்பைப் பெற்றவர்."

"உங்கப்பன் எந்தத் தொகுதியிலட்டி பொதுவாழ்வு நடத்துனாரு?"

ஆபீசே குலுங்கியது. எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். சாராயத்தைக் குடித்து ஈரல் வெந்து செத்தார். அது அந்த வக்கீலுக்கும் தெரியும். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதலாம்போல இருந்தது. கோபம் அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா, செத்துப்போன அப்பா மேல் வந்ததா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அந்தப் பத்திய எடுத்துட்டுக் கொண்டா" என்றார்.

எடுத்துவிட்டுக் கொண்டுபோனேன். மீதி எல்லாம் அப்படியே இருந்தது. போதைப்பழக்கம் ஒரு நோய் என்று இருந்தது. நோயாளிக்கு வேண்டியது மருந்து என்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அத்தனையும் பின்னால் இணைத்திருந்தேன். அந்த மகன் மனுவில் அப்படி ஒரு சீட்டுகூடக் கிடையாது. பல மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதாக இல்லை. அன்றைக்குத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் எடுத்தேனே ஒரு பத்தி, அதுதான் மனு. மீதி இரண்டு பக்கமும் சும்மா ஒப்புக்கு அடித்தது.

கத்தார் கம்பெனி காத்திருக்குமா? வேறு ஆள் போய்விட்டான். தம்பி என்னைத்தான் தேற்றினான்.

"ஜனாதிபதிக்கு ஒண்ணு போடுவமாக்கா? தூக்குக்காரனயே மன்னிக்காருல்லா?"

"அதுக்கு மொதல்ல நீ ஒருத்தனக் கொல்லணும்லே" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன எளவுக்குச் சிரிக்கிய?" என்று கேட்டாள். சிரிப்பு அதோடு நின்றது.

போன மாதம் தம்பிக்கு மறுபடி ஒரு வேலை வந்தது. இந்தத் தடவை மஸ்கட். சான்றுக்கு விண்ணப்பித்துத்தான் பார்ப்போமே என்று, வாய்தா முடிந்து நேராகக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வருவதற்குச் சற்று முன்னால் அரசு வக்கீல் வந்தார். மாவட்டத்தில் போதை ஒழிப்புக்கு ஒரு குழு போடுகிறார்களாம். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் போய்ப் பேசுகிற குழு. அதில் அந்தக் கட்சிக்காரர் மகனை உறுப்பினராகப் போடச் சிபாரிசு. அவனுடைய விவரத்தை அடிக்க வேண்டும்.

அடித்தேன். தகுதி என்ற இடத்தில் அவர் சொன்னார்: "போதையின் பிடியிலிருந்து மீண்ட நேரடி அனுபவம் உள்ளவர்."

"சார், எனக்க தம்பியும் மீண்டவன்தான்" என்று வாய்வரை வந்தது. சொல்லியும் விட்டேன்.

"அவனுக்குக் கேஸ் கெடக்குல்லாட்டி" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசிக் கட்டம், நிலுவையில் உள்ள வழக்குகள். "இல்லைன்னு போடு" என்றார். இல்லை என்று அடித்தேன். இந்தத் தடவை இரண்டு முறை வாசித்தேன். பிழையே இல்லை. வாங்கிக்கொண்டு போனார்.

தம்பி வந்தான். காலையிலிருந்து கோர்ட் வராண்டாவில் நின்ற களைப்பு. அடுத்த வாய்தா இரண்டு மாதம் தள்ளி. ஸ்டூலை இழுத்துப் போட்டு விண்ணப்பத்தை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நிரப்பினான். பேர், அப்பா பேர், ஊர். ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினான்.

"மேல வழக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்குக்கா. என்ன எழுத?"

"உள்ளத எழுது மக்கா. இல்லன்னு எழுதுனா அதுக்கும் ஒரு கேஸப் போட்டுருவானுவ."

எனக்கு முன்னால் திரையில் அந்த இன்னொருத்தனின் விவரம் இன்னும் திறந்தே கிடந்தது. தம்பி 'ஆம்' என்று எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா பார் என்று காகிதத்தை என்னிடம் நீட்டினான்.