கொடிக்கயிற்றில் எறும்புகள்

தண்ணீர் குடித்தாலே அப்பாவுக்குப் புரையேறுகிறது. எதையும் கெட்டியாக்கிக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, புனேயின் பாணேரில் இந்தப் பத்தாவது மாடிச் சமையலறையில் மூன்று வேளையும் கார்ன்ஃப்ளார் கரைத்துக் கிளறுகிறேன். கை கடுக்கிறது. மாவு வேகும்போது எழும் மந்தமான வாசனை மட்டும் என்னைப் பிம்ப்ரிக்கு இழுத்துப்போகிறது.

அங்கே அப்பா ஒரு மிட்டாய் கம்பெனியில் இருந்தார். தட்டுகளில் கார்ன்ஃப்ளாரைப் பரப்பி, குழி அழுத்தி, பாகு ஊற்றி ஆறவிடுவார்கள். பழசான மாவைத் தொழிலாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எங்கள் லைன் வீடுகளில் ஞாயிறுதோறும் அதைக் காய்ச்சித்தான் துணிகளுக்குக் கஞ்சி போட்டார்கள். ஆரஞ்சு எசென்ஸ் மணக்க எல்லாம் தகடாய் விறைத்து, போர்வைகூடச் சலசலக்க, யூனிஃபார்ம் காலர் கழுத்தை அறுக்க, மாவில் ஒட்டியிருந்த சர்க்கரைக்குக் கொடிக்கயிறு நெடுக எறும்பு ஊரும்.

"அரே, மறுபடியும் எறும்புடி! நல்லா உதறிட்டுப் போடு" என்று அலுத்துக்கொண்டே அம்மா சட்டையை நீட்டுவாள்.

ஒரு மழைக்காலத்தில் என் காலர் துவண்டது. கொடியில் எறும்பைக் காணோம். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு லைன் வீடுகளையும் இடித்துவிட்டார்கள்.

இன்று கார்ன்ஃப்ளார் சேர்த்துக் கெட்டியாக்கிய டீயை ஸ்பூனால் ஊட்டினேன். அப்பா மெல்ல விழுங்கிவிட்டு, டம்ளரின் விளிம்பையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னிக்கும் எறும்பு வரலியேம்மா" என்றார்.