பெட்டியில் மிஞ்சிய மக்காச்சோளம்

என் வீட்டுக்காரர் இராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். கன்டெய்னரோடு அவ்வளவு நீள வண்டியை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார். அதில் அவருக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது வேலை போனது. மீஞ்சூர் பக்கம் எனக்கும் தம்பிக்கும் பொதுவாகக் கிடந்த நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நிலத்தைக் கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "ஒரு தபா பாரு மாமா. வரலேன்னா யார்டுக்கு வுட்டுடலாம்" என்றான் தம்பி.

எங்கள் போர்த்தண்ணீர் உப்பு. நெல் அறுத்த மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில்தான் விதை முளைக்க வேண்டும். உழுதால் அதுவும் காய்ந்துவிடும். அதனால் உழாமலே விதைக்கும் மெஷினை டிராக்டரோடு வாடகைக்கு எடுத்தோம். இரும்பு முனை மண்ணைக் கீறும், மேலே இருக்கும் பெட்டியிலிருந்து குழாய் வழியாக விதை விழும், பின்னால் வரும் சக்கரம் மூடும்.

டிராக்டர்க்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு இவரே ஏறி உட்கார்ந்தார். முதல் நடை போய் வரப்பை எட்டியதும், ஓரத்தில் ஒரு சாண்கூட வீணாகக் கூடாதென்று, நூல் பிடித்தாற்போல ரிவர்ஸ் எடுத்தார். "மாமா, ஆர்பர்ல ஓட்ற மாதிரியே கீது!" என்று தம்பி விசிலடித்தான். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு வரப்பிலும் அதே வித்தை.

முடித்தபோது பெட்டியில் முக்கால்வாசிக்கு மேல் விதை இருந்தது. "பாத்தியா, மெஷின்னா எவ்ளோ மிச்சம்!" என்றார். நானும் பூரித்துப்போய் அதை மூட்டை கட்டினேன்.

முதல் நடையில் விழுந்தது மட்டும் பச்சையாக எழுந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் நெல்தாள். தம்பி குச்சியால் கிளறிப் பார்த்தான். ஒரு விதைகூட இல்லை. டிராக்டர்க்காரர், அன்றைக்குப் பிறகு எடுக்காமல் கிடந்த மெஷினைக் கொண்டுவந்து குழாய்களைப் பார்த்தார். எல்லாவற்றின் வாயிலும் மண் அடைத்து இறுகியிருந்தது.

"இன்னா நைனா, மெஷின தூக்காமயா ரிவர்ஸ் வந்த? மண்ணு கொழாய்ல ஏறிக்கும்ல!"

மறுபடி விதைக்க மண்ணில் ஈரம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் திருப்பிக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. தம்பியின் குச்சியை வாங்கி ஒவ்வொரு குழாயிலும் மண்ணைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

தம்பி சொன்ன சொல் மாறவில்லை. யார்டுக்காரர்களின் கிராவல் லாரி வரவிருந்த அன்று காலை, முழங்கால் உயரம் வளர்ந்திருந்த அந்தச் சில வரிசைகளையும் அவரே பிடுங்கினார். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த இலைகளைச் சட்டையால் துடைத்து, தம்பி வீட்டு மாட்டுக்குப் போட்டார். கடைசித் தட்டை தீரும்வரை அங்கேயே நின்றார்.

"நல்லா வந்துருக்கும்ல?" என்று என்னைக் கேட்டார்.

வந்திருக்கும் என்றேன்.